இரண்டு ஊரும் வேண்டாம் என்ற பேரிமரம்

கதை என்றால் ஒரு ராஜா இருக்க வேண்டும் என்பீர்கள். இருந்தார். லண்டனில், வான்கோழிக் கறியும் வயிற்றுவலியுமாக அவர் பாட்டுக்கு இருந்தார். அவரால் நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, அவரை அங்கேயே விட்டுவிடுவோம். அவருடைய இங்கிலாந்து தேசத்தில், குதிரை வண்டியில் நாலு நாள் போனால் வருகிற ஒரு மூலையில், டம்பிள்விக் என்று ஒரு சின்ன ஊர் இருந்தது. கதை அங்கேதான்.

இருபத்தாறு வீடு, ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை. இரண்டிலும் ஒரே கூட்டம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே, மற்ற நேரமெல்லாம் அங்கே.

மேய்ச்சல் நிலத்தைத் தாண்டினால் கிரம்ப்டன் என்று இன்னோர் ஊர். அங்கேயும் அதே இருபத்தாறு வீடு, அதே மாதிரி ஒரு பாதிரியார். கிரம்ப்டன்காரர்கள் திருடர்கள் என்று டம்பிள்விக்காரர்கள் சொன்னார்கள். டம்பிள்விக்காரர்கள் திருடர்கள் என்று கிரம்ப்டன்காரர்கள் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தவரை இரண்டு பேர் சொன்னதும் சரி.

இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு எல்லைக்கல் இருந்தது. கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டுப் பேரிமரம். அதன் காயைக் கடித்தால் பல் போகும். ஆனால் நசுக்கி, பீப்பாயில் ஊற்றி, பொறுமையாக வைத்திருந்தால் ஒரு மது கிடைக்கும் பாருங்கள்! இரண்டு குவளை குடித்தால் பாதிரியார் பாட்டுப் பாடுவார். மூன்று குவளை குடித்தால் வேறு பாட்டுப் பாடுவார்.

அந்தக் காலத்தில் அங்கே எல்லைக்கு வரைபடம் கிடையாது. டம்பிள்விக்கில் எல்லையை எழுதிவைத்த ஒரு தோல் சுருள் இருந்தது, அதைத் தேவாலயத்து எலிகள் தின்றுவிட்டன. ஆகவே வருஷா வருஷம் மே மாதத்தில் ஊரே திரண்டு எல்லையைச் சுற்றி நடக்கும். ஒவ்வொரு எல்லைக்கல் வந்ததும் ஒரு ஆளைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, அவன் பின்புறத்தைக் கல்லின் மேல் நங்கென்று மூன்று முறை இடிப்பார்கள். வலித்தால்தான் மறக்காது என்பது அவர்கள் கண்டுபிடித்த ஞானம்.

டம்பிள்விக்கில் இடி வாங்கிய ஆள் பார்னபி. அவன்தான் ஊர்க்காவலன். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். யாருமே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டதால் அவன் தலையில் கட்டிய பதவி அது. இருபத்து மூன்று வருஷமாக ஊரின் எல்லை முழுவதும் பார்னபியின் பின்புறத்தில்தான் பத்திரமாக இருந்தது. அவன் குடியிருந்த குடிசை பண்ணையாருடையது. பண்ணையாரின் முகம் கொஞ்சம் கோணினால் போதும், அன்றைக்கே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அதனால் பார்னபி எதற்கும் மறுபேச்சுப் பேசமாட்டான்.

ஒரு வருஷம் பண்ணையார் அவனைக் கூப்பிட்டு, "பார்னபி, அந்தக் கல்லைக் கொஞ்சம் தள்ளி வை. மரம் நம்ம பக்கம் வரட்டும்" என்றார். பார்னபி கல்லைத் தோண்டி, தள்ளுவண்டியில் ஏற்றி, மரத்துக்கு அந்தப் பக்கம் நட்டான். கிரம்ப்டன்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்கள் அதைப் பிடுங்கி மரத்துக்கு இந்தப் பக்கம் நட்டார்கள். இப்படியே அந்தக் கல் சில வருஷம் ஊர் சுற்றியது. எங்கே நட்டாலும் மே மாதம் பார்னபிக்கு இடி மட்டும் தவறவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு நவம்பர் மாதம், பேரிமரத்தடியில் ஒரு பெண் விழுந்து கிடந்தாள். எல்ஸ்பெத் என்று பெயர். பிழைப்புத் தேடி வடக்கேயிருந்து நடந்து வந்தவள். உடம்பு அனலாய்க் கொதித்தது. எழுந்திருக்கத் தெம்பில்லை.

அந்தத் தேசத்துச் சட்டம் ஒன்று உண்டு. திக்கற்றவர் எந்த ஊர் எல்லைக்குள் விழுகிறாரோ, அந்த ஊர்தான் அவருக்குக் கூரை கொடுக்க வேண்டும், ரொட்டி கொடுக்க வேண்டும், செத்தால் சவப்பெட்டி கொடுக்க வேண்டும். நல்ல சட்டம். அதை நிறைவேற்ற மட்டும்தான் ஆள் இல்லை.

செய்தி கேட்டதும் பாதிரியாரும் பண்ணையாரும் அலறியடித்துக்கொண்டு பார்னபியிடம் ஓடி வந்தார்கள்.

"மரம் எந்த ஊர்ல இருக்கு?" என்று கேட்டார் பாதிரியார்.

"நம்ம ஊர்லதான் ஐயா. போன மாசம்தானே கல்லை அந்தப் பக்கம் நட்டேன்."

"முட்டாள்! உடனே போய் இந்தப் பக்கம் நடு."

அந்தக் காலையிலேயே பார்னபி போனான். கல்லைத் தோண்டி மரத்துக்கு இந்தப் பக்கம் நட்டான். மரமும் அந்தப் பெண்ணும் கிரம்ப்டன் கணக்கில் போனார்கள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் வேலை கெட்டுவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

மதியத்துக்குள் கிரம்ப்டன்காரர்கள் கல்லை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். மறுபடி பார்னபி போனான். இந்தத் தடவை அவள் கண்ணைத் திறந்து, "கொஞ்சம் தண்ணி தாங்கண்ணே" என்றாள். ஓடை எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது. "ஊர் வேலையா வந்திருக்கேன்மா" என்று சொல்லிவிட்டு, பார்னபி கல்லை நட்டுவிட்டுத் திரும்பினான்.

இதற்கிடையில் இரண்டு பாதிரியார்களும் ஒரே யோசனை செய்தார்கள். அவள் செத்துத் தொலைந்தால் பழி வருமே என்று, ஆளுக்கொரு கடிதம் எழுதி நீதிபதிக்கு அனுப்பினார்கள். 'பேரிமரம் எங்கள் ஊரைச் சேர்ந்தது அல்ல, ஒருநாளும் சேர்ந்ததில்லை, ஆண்டவர் சாட்சி' என்று இரண்டு கடிதத்திலும் இருந்தது. ஆண்டவரைக் கேட்டு எழுதினார்களா என்றால், இல்லை.

பொழுது சாய்வதற்குள் கல் மறுபடி அந்தப் பக்கம் போயிருந்தது. மூன்றாவது தடவையாகப் பார்னபி தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனான். பனி விழ ஆரம்பித்துவிட்டது. கல்லைத் தோண்டி, முக்கி முனகி வண்டியில் ஏற்றி, மரத்தடி வழியாக உருட்டிக்கொண்டு வரும்போது அவள் கேட்டாள்.

"காலையிலேர்ந்து பார்க்கிறேன். இந்தக் கல்லு ஏண்ணே இப்படி அலையுது?"

பார்னபிக்குப் பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. "உன்னாலதான். நீ எந்த ஊர்த் தலையில விழணும்னு சண்டை."

"கல்லு ரொம்பக் கனமோ?"

"இடுப்பு ஒடியுதும்மா."

மூச்சு வாங்கிக்கொண்டே அவள் சொன்னாள். "நான் அதைவிடக் கனம் கம்மிண்ணே."

பார்னபி அப்படியே நின்றுவிட்டான். இருபத்து மூன்று வருஷம் இடி வாங்கியும் புத்தியில் ஏறாதது ஒன்று அப்போது ஏறியது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. தண்ணீர் கொடுக்காத கையைப் பார்க்க அவனுக்கே பிடிக்கவில்லை. வண்டியைச் சாய்த்தான். கல் மரத்தடியில் உருண்டு விழுந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு, அவளைத் தூக்கி வண்டியில் வைத்து, தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தி, வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனான்.

ஊர் கொதித்தது. "தொல்லையை வண்டி வைத்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான் பார்" என்றார் பாதிரியார். "அவள் உன் பாடு, ஊர் ஒரு ரொட்டித் துண்டு தராது" என்றார் பண்ணையார். பார்னபி தன் ரொட்டியைப் பாதியாகப் பிட்டான். கிறிஸ்துமஸுக்குள் எல்ஸ்பெத் எழுந்து உட்கார்ந்தாள். பனி உருகும்போது எழுந்து நடந்தாள். அதற்கப்புறம் ஊரில் கிழிந்த சாக்கையெல்லாம் வாங்கித் தைத்துக் கொடுத்து, தன் ரொட்டியைத் தானே சம்பாதித்துக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்கினாள்.

அடுத்த வருஷம் அந்தப் பேரிமரம் காய்த்தது பாருங்கள், அப்படி அது ஜென்மத்தில் காய்த்ததில்லை. கிளைகள் தரையைத் தொட்டன. இந்த ஊர் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அந்த ஊரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. இரண்டு ஏணியும் முட்டிக்கொண்டன. பிறகு ஆட்கள் முட்டிக்கொண்டார்கள். பிறகு இரண்டு பாதிரியார்களும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு முட்டிக்கொண்டார்கள். கடைசியில் நீதிபதிக்கு ஆள் போனது.

நீதிபதி வருகிற அன்று காலையில் பண்ணையார் பார்னபியின் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"நீதான் சாட்சி. மரம் நம்ம ஊருதுன்னு சொல்லு. சொன்னா இந்த வீடு உனக்கே, உன் ஆயுசுக்கும். சொல்லலேன்னா இன்னைக்குச் சாயங்காலமே காலி பண்ணணும். அவளும்தான்."

பார்னபி தலையை ஆட்டினான். ஆம் என்றா இல்லை என்றா, பண்ணையாருக்குப் புரியவில்லை. உண்மையைச் சொன்னால் அவனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் இனி தெருதான். வாசல்வரை குளிர்காலம் வந்து நிற்கிறது. அதையே நினைத்துக்கொண்டு அவன் மரத்தடிக்கு நடந்தான்.

மரத்தடியில் நாற்காலி போட்டு நீதிபதி உட்கார்ந்தார். இரண்டு ஊரும் இரண்டு பக்கம் நின்றன.

"மரம் யாருடையது?" என்றார் நீதிபதி.

"எங்களுது!" என்றது டம்பிள்விக்.

"எங்களுது!" என்றது கிரம்ப்டன்.

"எல்லை தெரிந்த ஆள் யார்?"

எல்லாரும் பார்னபியை முன்னால் தள்ளினார்கள். பண்ணையார் அவனையே முறைத்துக்கொண்டு நின்றார். கூட்டத்தின் ஓரத்தில் எல்ஸ்பெத் நின்றுகொண்டிருந்தாள். பார்னபி நீதிபதியைப் பார்த்துச் சொன்னான்.

"துரை, கல்லு இருந்த இடமெல்லாம் என் பின்புறத்துக்கு நல்லாத் தெரியும். மரத்துல காய் இருந்தப்போ எங்க எல்லை மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. மரத்தடியில ஒரு மனுஷி கிடந்தப்போ எங்க எல்லை மரத்துக்கு இந்தப் பக்கம் ஓடி வந்துடுச்சு. கிரம்ப்டன்காரங்களைக் கேளுங்க, அவங்களும் இதையேதான் சொல்லணும். நட்டதும் பிடுங்கினதும் நாங்கதான்."

பண்ணையாரின் முகம் பீட்ரூட் ஆனது. நீதிபதி சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து இரண்டு கடிதங்களை எடுத்தார். ஒன்றை வாசித்தார். இன்னொன்றையும் வாசித்தார். இரண்டு பாதிரியார்களும் அவசரமாக வானத்தைப் பார்த்தார்கள்.

"இந்த மரம் எங்களுடையது அல்ல என்று இரண்டு ஊரும் ஆண்டவர் பெயரில் சத்தியம் செய்திருக்கின்றன. பாதிரியார்களின் சத்தியத்தை நான் எப்படிச் சந்தேகிப்பது? ஆகவே இது இரண்டு ஊருக்கும் சொந்தமில்லை" என்றார் நீதிபதி. "பார்னபி, அவளைத் தூக்கிக்கொண்டு போனவன் நீதான் என்று கேள்விப்பட்டேன். மரத்தை நீயே வைத்துக்கொள்."

கூட்டம் வாயைப் பிளந்தது. பார்னபி ஒரே ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால் போதும், மரம் அவனுடையது.

"வேண்டாம் துரை," என்றான் பார்னபி. "மூணாவது தடவைதான் தூக்கினேன். முதல் தடவை முகத்தைத் திருப்பிக்கிட்டேன். ரெண்டாவது தடவை தண்ணி கேட்டா, கொடுக்காமப் போனேன். எனக்கு இதுல உரிமை இல்லை."

நீதிபதி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எல்ஸ்பெத்தைக் கூப்பிட்டார்.

"அப்படியானால் இந்த இடத்தில் குடியிருந்தது நீ ஒருத்திதான். ஒரு பகல் என்றாலும் குடியிருப்பு குடியிருப்புதான். மரமும், அதன் நிழல் விழுகிற தரையும் உனக்கு. எந்த ஊருக்கும் இங்கே அதிகாரம் இல்லை."

பண்ணையாருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பார்னபி! உன் சட்டியையும் பானையையும் சாயங்காலத்துக்குள்ள தெருவுல பார்ப்பே!" என்று கத்தினார்.

எல்ஸ்பெத் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இங்கே கொண்டாந்துடுங்கண்ணே," என்றாள் பார்னபியிடம். "மரத்தடியில தாராளமா இடம் இருக்கு. நான் படுத்துப் பார்த்திருக்கேன். கூரை ஒண்ணுதான் குறைச்சல், அதை ரெண்டு பேருமாப் போட்டுக்கலாம்."

இரண்டு ஊர்க்காரர்களும் காலிக் கூடையும் ஏணியுமாக அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் இரண்டு பாதிரியார்களும் வெறும் தண்ணீர் குடித்தார்கள், பாட்டுச் சத்தமே கேட்கவில்லை.

இந்தக் கதையால் நாம் அறிவது என்னவென்றால், பாரம் வந்தபோது என்னுடையது அல்ல என்று உதறியவனுக்குப் பலன் வரும்போது என்னுடையது என்று கை நீட்ட உரிமை இல்லை.