நாலு படியை எரித்து எடுத்த எண்ணெய்

முன்னொரு காலத்தில் வெள்ளாற்றுச் சீமையைப் பூதலராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனசு. ஆனால் காலையில் ஒரு பிடிவாதம், மாலையில் இன்னொன்று.

அவர் நாட்டுக் கரட்டுமேட்டுக் கிணறுகளில் மண்ணெண்ணெய் தானாக ஊறும். அதை இறைப்பவர்கள் அரண்மனைக்கு வரியும் கட்டி, ஊருக்கு விளக்கும் எரியவைத்தார்கள். ஒருநாள் அதன் வாடை ராஜாவின் மூக்கில் ஏறிவிட்டது. தும்மித் தும்மிக் கண் சிவந்துபோனார்.

மந்திரியை முந்திக்கொள்ள இதுதான் சமயம் என்று சபையில் எழுந்தார் அரண்மனை அதிகாரி வீரசிங்கம். மந்திரி குழந்தைவேலரைக் கண்டாலே வயிறெரிகிற பேர்வழி அவர்.

"மகாராஜா! விளக்குக்கு ஆமணக்கெண்ணெயே போதும், நெல்வயலிலெல்லாம் ஆமணக்கு போடச் சொல்லுங்கள். படி எண்ணெய்க்கு ஐந்து படி நெல்லைக் களஞ்சியத்திலிருந்து மானியமாகக் கொடுங்கள். கிணறுகளை மூடிவிடலாம்!"

"சபாஷ்! வெள்ளிக்கிழமை முத்திரை போடுகிறேன்" என்றார் ராஜா.

குழந்தைவேலருக்குப் பகீரென்றது. வயலில் ஆமணக்கு, இருக்கிற நெல்லும் மானியத்துக்கு. அப்புறம் ஊர் எதைத் தின்னும்? ஆனால் வேண்டாம் என்று சொன்னால் இன்றைக்கே முத்திரை விழுந்துவிடும். பெற்ற பிள்ளையைப் போலத் தாம் நேசித்த ராஜா ஊராரின் சாபத்தை வாங்கிக்கொள்வதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"அருமையான யோசனை, மகாராஜா" என்று கைகூப்பினார். "ஆமணக்கு விதையை இடித்து, தண்ணீரில் காய்ச்சித்தானே எண்ணெய் எடுக்கிறார்கள்? கிணறுகளை மூடிவிட்டால் அடுப்பெரிக்க மண்ணெண்ணெய் இருக்காது. விறகுக்குக் காட்டை வெட்டத் தாங்கள் சம்மதிக்க மாட்டீர்கள். அடுப்பையும் ஆமணக்கெண்ணெயிலேயே எரித்து, வீரசிங்கம் ஒருமுறை காய்ச்சிக் காட்டட்டுமே!"

"காட்டினால் போச்சு!" என்று மீசையை முறுக்கினார் வீரசிங்கம்.

வெள்ளிக்கிழமை அரண்மனை முற்றத்தில் அண்டா ஏறியது. அடியில் அகலச் சட்டி, அதில் பருமனான திரிகள். ஒரு படி எண்ணெய் எரிந்தது, தண்ணீர் வெதுவெதுப்பானது. இன்னொரு படி எரிந்தபின் ஆவி வந்தது. நாலு படி தீர்ந்த பிறகுதான் எண்ணெய் மேலே மிதந்தது. அள்ளி அளந்தால் இரண்டே படி.

"நாலு படியை எரித்து இரண்டு படியா எடுத்தீர்?" என்றார் ராஜா.

வீரசிங்கத்துக்கு வியர்த்துக் கொட்டியது. "மகாராஜா, மானியத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால்..."

சபை குலுங்கிச் சிரித்தது. ராஜாவுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. முத்திரை போட வைத்திருந்த ஓலையைக் கிழித்துப் போட்டார். "ஆமணக்கு வரப்போரத்தில் வளரட்டும். வயல் நெல்லுக்குத்தான். இந்த எண்ணெயை வீணாக்க வேண்டாம், வீரசிங்கம் குடித்து வயிற்றைச் சுத்தம் செய்துகொள்ளட்டும்!"

பிறகு மந்திரியைப் பார்த்தார். "இதை நேராகவே என்னிடம் சொல்லியிருக்கலாமே, ஐயா?"

"சொன்னால் கேட்டிருப்பீர்களா?"

ராஜா கொஞ்சம் யோசித்தார். "மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டு, மந்திரியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், தன் பக்கத்திலேயே இலை போட்டு, தன் கையாலேயே சோறு பரிமாறினார்.