தும்பைராயருக்குக் கிடைத்த கடைசிப் பரிசு

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை இடும்பவர்மன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். அதாவது, தூங்காத நேரங்களில். அவன் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவுக்குச் சொந்தமான எதைப் புகழ்ந்தாலும், அதில் ஒரு பங்கு புகழ்ந்தவருக்கே. அதனால் சபையில் புகழ்ச்சிக்குப் பஞ்சமே இல்லை. சிறை அதிகாரி தும்பைராயர் மாந்தோப்பைப் புகழ்ந்து தோப்பை வாங்கினார். பசுவைப் புகழ்ந்து கன்றோடு ஓட்டிப்போனார்.

மந்திரி கொழுந்தப்பர் ஒருநாள் ஒரு முறையீட்டோடு சபைக்கு வந்தார். ராஜா குதிரையிலிருந்து வழுக்கி விழுந்தபோது சிரித்துவிட்ட உப்பு வியாபாரி வேம்பன், விசாரணையே இல்லாமல் நிலவறையில் கிடந்தான். விலங்கு உரசிய கால் அழுகத் தொடங்கியிருந்தது. இப்படியே விட்டால் ஆள் பிழைக்கமாட்டான்.

"மகாராஜா, கைதியானாலும் அவன் உங்கள் குடிமகன். விலங்கைக் கழற்றி வைத்தியரை அனுப்புங்கள். வழக்கை விசாரியுங்கள்" என்றார் மந்திரி.

தும்பைராயர் தொந்தி குலுங்கச் சிரித்தார். "பிரபு, மந்திரியாருக்கு வயசாகிவிட்டது. நம் சிறையில் நடக்கிற உபசாரம் தலைதீபாவளி மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைக்காது!"

கொழுந்தப்பருக்குக் கோபம் வந்தது. விழுங்கிக்கொண்டு, ஆச்சரியப்படுவதுபோல் கேட்டார். "அப்படியா! சாப்பாடு எப்படி, ராயரே?"

"அமிர்தம்!"

"படுக்கை?"

"சில்லென்ற தரை. கோடைக்கு அதைவிடச் சுகம் ஏது?"

"கால் விலங்கு?"

"கொலுசு போட்ட மாதிரி இருக்கும்!"

மந்திரி ராஜாவைப் பார்த்துக் கைகூப்பினார். "மகாராஜா, இவ்வளவு வாய் நிறையப் புகழ்ந்தவரை வெறுங்கையோடு அனுப்பலாமா? நம் வழக்கம் என்ன ஆவது?"

"அடடா, மறந்தே போனேன்!" என்றான் ராஜா. "ராயரே, நிலவறையில் உமக்கும் ஒரு பங்கு. இன்றே குடிபோம், கொலுசோடு."

தும்பைராயர் தடாலென்று காலில் விழுந்தார். "ஐயோ பிரபு! கஞ்சியில் புழு நெளியும், ராத்திரி எலி கடிக்கும், அந்த விலங்கு எலும்புவரை அறுக்கும்!"

"அமிர்தம் என்றீரே?"

"அது... மற்றவர்களுக்கு, பிரபு."

ராஜாவுக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்தது. வெட்கமும் வந்தது. "வேம்பனின் விலங்கை இப்போதே கழற்றுங்கள். வைத்தியர் போகட்டும். இனி விசாரணையில்லாமல் எவரையும் அடைக்கக் கூடாது. மந்திரியாரே, சிறைப் பொறுப்பு இனி உம்முடையது. ராயர்தான் தன் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டாரே, அவர் பங்கு அவருக்குக் கிடைக்கட்டும்."

மந்திரி முதல் வேலையாகக் கஞ்சியை மாற்றினார், எல்லோருக்கும் பாய் போட்டார், ராயருக்கும்தான். ராயர் செய்த புண்ணியத்தால் அல்ல, மந்திரியின் நியாயத்தால் அவர் காலில் விலங்கும் இல்லை.

கால் ஆறிய வேம்பன் விசாரணைக்கு வந்தான். "என்ன குற்றம்?" என்று ராஜா கேட்டான்.

"நீங்கள் விழுந்தீர்கள், சாமி. நான் சிரித்தேன்."

விழுந்த விதத்தை நினைத்துப் பார்த்த ராஜாவுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அதற்காகவா இவனை அடைத்தேன்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேம்பனை வீட்டுக்கு அனுப்பிவைத்தான்.