அல்லித் தவளையும் அடைபட்ட மேடும்

ஒரு காட்டில், சரிவான மண்மேட்டின் அடியில், பாறையோரம் ஒரு சின்னக் குட்டை இருந்தது. அல்லி என்ற தவளை அதில் வாழ்ந்து வந்தாள்.

அல்லி அந்தக் குட்டையிலேயே பிறந்தவள். சித்திரை வெயிலில் காட்டோடைகள் எல்லாம் வறண்டு போகும். அல்லியின் பாறையில் மட்டும் நீர் கசிந்துகொண்டே இருக்கும். சொட்டு, சொட்டு என்ற அந்தச் சத்தம்தான் சின்ன வயதில் அவளுக்குத் தாலாட்டு.

மேட்டு மண்ணுக்குள் மண்புழுக்கள் குடியிருந்தன. அவற்றில் நெளியன் என்பவன் அல்லியின் பால்ய சிநேகிதன். மழை தூறினால் தலையை வெளியே நீட்டுவான்.

"அல்லி, சுகமா?"

"எனக்குச் சுகம்தான். உன்னைத் தின்னாமல் விட்டிருக்கிறேனே, உனக்கும் என்ன குறை!"

இருவரும் சிரிப்பார்கள். அது ஒரு காலம்!

ஒருநாள் கொடுக்கன் என்ற நண்டு அங்கே வந்து சேர்ந்தான். நெல்வயலில் வளர்ந்தவன். வரப்பில் வளை தோண்டித் தண்ணீரை ஒழுகவிட்டதற்காக விரட்டப்பட்டவன். அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று நல்ல மழை. மேட்டில் பெய்த நீரெல்லாம் மண்புழுத் துளைகளுக்குள் இறங்கி மறைந்தது. கொடுக்கன் பதறிப் போனான்.

"ஐயையோ! அல்லியக்கா, உங்கள் மேடு முழுக்க ஓட்டை! உங்களுக்கு வரவேண்டிய தண்ணீரைப் புழுக்கள் குடிக்கின்றன!"

"எப்போதும் இப்படித்தானே தம்பி இருக்கிறது?"

"அதனால்தான் குட்டை நிறைவதே இல்லை! எங்கள் வயலில் நாற்று நடும் முன் சேற்றை மிதி மிதி என்று மிதிப்பார்கள். ஓட்டையெல்லாம் அடைபடும். அப்புறம் தண்ணீர் அப்படியே நிற்கும்!"

அல்லிக்கு ஆசை வந்துவிட்டது. விளிம்பு வரை தளும்பும் குட்டை! அதில் தன் பிள்ளைகள் நீந்தும் அழகு! உடனே காட்டெருமைகளிடம் ஓடினாள்.

"பெரியவர்களே, என் மேட்டைக் கொஞ்சம் மிதித்துக் கொடுங்கள்!"

காட்டெருமைகளுக்கு மிதிக்கச் சொல்லித் தர வேண்டுமா என்ன! கூட்டமாக வந்தன. சருகைச் சிதறடித்தன. மண்ணைக் கட்டாந்தரை ஆக்கின.

நெளியன் அலறிக்கொண்டு வெளியே வந்தான். "அல்லி, எங்கள் வீடெல்லாம் நசுங்குகிறது! நாங்கள் எங்கே போவோம்?"

"என் தண்ணீரைக் குடிக்கிறவனுக்கு என் மேட்டில் இடமில்லை!"

நெளியன் தன் சனத்தைக் கூட்டிக்கொண்டு பக்கத்து மேட்டுக்கு ஊர்ந்து போனான்.

அடுத்த மழையில் தண்ணீர் மேட்டில் சறுக்கி ஓடி வந்தது. குட்டை நிரம்பி வழிந்தது. "பார்த்தீர்களா அக்கா!" என்று கொடுக்கன் பக்கவாட்டில் ஓடி ஓடி ஆடினான். அந்தத் தைரியத்தில், தன் அம்மா செய்தது போலவே, அல்லி பங்குனியில் முட்டையிட்டாள்.

தலைப்பிரட்டைகள் பொரிந்தன. வெயில் ஏறியது, குட்டை இறங்கியது. அல்லி கவலைப்படவில்லை. பாறைதான் கசியுமே! ஆனால் பாறை கசியவில்லை. வாயை வைத்துப் பார்த்தாள். சுட்டது.

"ஊற்றுக்கண்ணைக் கல் அடைத்திருக்கும் அக்கா" என்று கொடுக்கன் பாறை இடுக்கைத் தோண்டினான். தூசிதான் வந்தது. பிள்ளைகளுக்கோ இன்னும் கால் முளைக்கவில்லை. கொஞ்சூண்டு நீரில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து துடித்தன.

அப்போது ஒரு கோடை மழை கொட்டியது. "பிழைத்தோம்!" என்று துள்ளினாள் அல்லி. மேட்டில் விழுந்த மழை மண்ணை அரித்துக்கொண்டு செந்நீராகப் பாய்ந்தது. குட்டையைச் சேற்றால் மூடிவிட்டு வழிந்து ஓடியது. பிள்ளைகளில் பாதியும் அதோடு போயின.

பக்கத்து மேட்டில் மட்டும் தண்ணீர் ஓடவே இல்லை. அந்த மண் மடக் மடக்கென்று குடித்தது. மறுநாள் காலையில் அதன் அடிவாரத்தில் தெளிந்த நீர் சொட்டு, சொட்டாகக் கசிந்து ஒரு குழியில் தேங்கிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டதும் அல்லிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அழுகை பொத்துக்கொண்டு வர, அங்கே ஓடினாள்.

"நெளியா! நீ என் தண்ணீரைக் குடிக்கவில்லையடா. அது மேட்டுக்குள் இறங்கிப் பாறையில் கசிய வழி போட்டுக் கொடுத்திருக்கிறாய்!"

"எனக்கு அதெல்லாம் தெரியாது அல்லி. பசித்தால் மண்ணைத் தின்போம். தின்ற இடம் துளை. அவ்வளவுதான்."

"திரும்பி வந்துவிடேன்!"

"அந்த மண் கல்லாகிக் கிடக்கிறது. என் தலைகூட நுழையாது. சருகு விழ வேண்டும், மண் இளக வேண்டும். எத்தனை மழைக்காலம் ஆகுமோ! நீ முதலில் பிள்ளைகளை இங்கே கொண்டுவா."

மிஞ்சிய பிள்ளைகளை அல்லி முதுகில் சுமந்தாள். கொடுக்கன் வழியில் கிடந்த முள்ளை எல்லாம் விலக்கிக்கொண்டே வந்தான்.

புது இடத்தில் பிள்ளைகளுக்குக் கால் முளைத்தது. வால் மறைந்தது. கும்மாளம் போட்டார்கள். அல்லி மட்டும் அந்தி சாய்ந்தால் பழைய பாறைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

"அம்மா, அந்தக் காய்ந்த பள்ளத்தில் என்ன இருக்கிறது? நம் வீடு இதுதானே?" என்று கேட்டது கடைக்குட்டி.

அல்லி அந்தப் பாறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் பிறந்த வீடு அது கண்ணே. நானே மிதிக்கச் சொல்லி மூடிவிட்டேன்."

அரைகுறையாய்த் தெரிந்தவர் பேச்சை நம்பி, ஓசைப்படாமல் நம்மை வாழவைப்பவரை விரட்டினால், இழப்பு நமக்குத்தான்.