அக்கரைக்குப் போகாத கார்

ஆற்றங்கரை மடத்தின் குரு நாச்சியார் அம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் தில்லைவாணனுக்கு ஐம்பத்தேழு. நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளர். அந்த வட்டாரத்துப் பாலங்கள் எல்லாம் அவர் பொறுப்பு.

ஒரு நாள் காலை கவலை தோய்ந்த முகத்தோடு குருவின் முன் வந்து உட்கார்ந்தார்.

"எந்தப் பாலம்?" என்று குருவே கேட்டார்.

"நம் வாசலில் இருப்பதுதான் அம்மா. மாட்டுவண்டிக்கென்று கட்டியது. பிறகு பஸ் வந்தது, தாங்கியது. பிறகு கரும்பு லாரி. அதையும் தாங்கும் என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்டவன் நான். இப்போது பத்துச் சக்கர லாரிகள் போகின்றன. போன வாரம் அடியில் இறங்கிப் பார்த்தேன். நடுத்தூண் விரிசலில் என் விரல் நுழைகிறது."

"மூடிவிடலாமே."

"அறுவடை நேரம். மூடினால் அக்கரை ஆலைக்கு முப்பது கிலோமீட்டர் சுற்ற வேண்டும். அன்றைக்குச் சரி என்றாயே என்று என்னைப் பிடித்துக்கொள்வார்கள். இத்தனை காலம் நின்றது, இன்னும் இரண்டு மாசம் நிற்காதா அம்மா?"

குரு எழுந்தார்.

"எனக்கு அக்கரை போக வேண்டும். காரை எடுங்கள்."

தில்லைவாணன் குருவை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பாலத்தின் முகப்புக்கு வந்ததும் அவர் கால் தானாக பிரேக்கில் போயிற்று. வண்டி நின்றது.

"என்ன ஆயிற்று?"

"நடந்து போய்விடலாம் அம்மா. உங்களை வைத்துக்கொண்டு இதில்..."

பின்னால் கரும்பு ஏற்றிய லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்தது.

குரு திரும்பிப் பார்த்தார். "அந்த டிரைவர் பெயர் என்ன?"

"தெரியாது அம்மா."

"கேட்டு வாருங்கள்."

தில்லைவாணன் இறங்கிப் போய்க் கேட்டார்.

"பேரு எதுக்கு சார்? ஓரமா ஒதுங்குங்க, ஆலைக்கு நேரமாச்சு" என்றான் டிரைவர். அவர் நகராமல் நிற்பதைப் பார்த்து, "அந்தோணிராஜ்" என்றான்.

தில்லைவாணன் திரும்பி வந்தார். காரைத் திருப்பி, பாலத்தின் முகப்பில் குறுக்கே நிறுத்தினார். அலுவலகத்துக்குப் போன் செய்து, பாலத்தை மூடச் சொன்னார். அதற்குள் லாரிக்குப் பின்னால் இன்னும் நாலு லாரிகள் சேர்ந்துவிட்டன. ஆட்கள் இறங்கி, சத்தம் போட்டபடி வந்துகொண்டிருந்தார்கள்.

தில்லைவாணன் குருவின் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் திட்டப்போகிறார்கள் அம்மா."

"ஆமாம்" என்றார் குரு. "திட்டுவதற்கு எல்லாரும் உயிரோடு இருப்பார்கள்."