சத்தம் கேட்காத சுத்தியல்

அந்தக் கல் பட்டறையில் குருவைவிடச் சிஷ்யருக்கு வயது கூட.

குரு வைதேகி. சிற்பி வீட்டுப் பெண், மாமல்லபுரத்தில் சொந்தமாகப் பட்டறை நடத்துகிறவள். சிஷ்யர் எத்திராஜ், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷனை வாங்கிக்கொண்டு சிவனே என்று கிடக்காமல் இந்த வயதில் கல்லோடு மல்லுக்கட்டுகிறாரே என்று ஊரில் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுநாள் உளியோடு வந்து உட்கார்ந்துவிடுவார்.

மனைவிக்குப் பக்கவாதம் வந்த பிறகு அவர் வருவது நின்றுபோனது. பாதி செதுக்கிய நந்தியையும் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.

நெடுநாள் கழித்து ஒரு காலையில் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"வாங்கண்ணே. அண்ணி எப்படி இருக்காங்க?"

"இருக்கா டீச்சர். வலது கையும் காலும் வரல. பேச்சும் குழறுது. பக்கத்து வீட்டம்மாவை உக்கார வெச்சிட்டு ஓடி வந்தேன்."

"நந்தி?"

"வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டு போட்டு அங்க வெச்சிருக்கேன். மருமகன் ஒரு கம்ப்ரசர் அனுப்பிச்சிருக்காரு. ஏர் ஹேமர் ஒண்ணு வாங்கலாம்னு. எதை வாங்குறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

ஏர் ஹேமர் என்பது காற்றின் வேகத்தில் உளியை விடாமல் தட்டிக்கொடுக்கும் கைக்கருவி. சிற்பிகள் அதில் பல அளவு வைத்திருப்பார்கள்.

"எந்த மாதிரி வேணும்ணே?"

"சத்தமே கேக்காத மாதிரி."

"கல்லைச் செதுக்கணும், ஆனா கல்லுக்கே தெரியக் கூடாதாக்கும்" என்று வைதேகி சிரித்தாள்.

எத்திராஜ் சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தாள்.

"அவ படுத்திருக்கிற ரூமுக்கும் ஷெட்டுக்கும் நடுவுல ஒத்தைச் சுவருதான் டீச்சர். நான் தட்ட ஆரம்பிச்சா 'ஏங்க'ன்னு கூப்பிடுறா. ஓடிப்போய் என்னம்மான்னா, ஒண்ணுமில்லன்னு தலையை ஆட்டுறா. திரும்பி வந்து ரெண்டு தட்டு தட்டுறதுக்குள்ள மறுபடியும் 'ஏங்க'. கல்லுக்கு அடியில ஈரச் சாக்கு போட்டேன். சுத்தியலுக்குத் துணி சுத்தினேன். ஒரு தட்டு தட்டிட்டு, அவளுக்குத் தொந்தரவா இருக்குதான்னு காதைக் குடுத்துக் கேக்குறேன். அப்பவும் கூப்பிடுறா. சத்தம் ஒத்துக்கலன்னு வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்குறா. நான் செதுக்குறது அவளுக்குப் பிடிக்கும். அதான்."

எத்திராஜ் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"அப்படி ஒரு சுத்தியல் கிடையாதுன்னா சொல்லிடுங்க. நந்தியை இங்கயே அனுப்பிடுறேன். இத்தோட விட்டுடுறேன்."

சொல்லிவிட்டு முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.  

"அண்ணி எப்ப கூப்பிடுறாங்க? நீங்க தட்டும்போதா, நிறுத்தும்போதா?"

"அதை யாரு கவனிச்சா டீச்சர்?"

அவள் எழுந்து சிறிதும் பெரிதுமாக மூன்று ஏர் ஹேமர்களைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

"ஏறுங்கண்ணே."

வீட்டு முன்னால் ஸ்கூட்டர் நின்றது. பின்னாலிருந்து எத்திராஜ், "பூஞ்சேரி!" என்று ஓங்கிக் குரல் கொடுத்தார். எந்த வண்டி நின்றாலும் ஊர்ப் பேர் அவர் வாயில் தானாக வந்துவிடும். சொன்ன பிறகுதான் அவருக்கே வெட்கமாக இருந்தது.

"சில்லறை இல்லண்ணே" என்று இறங்கினாள் வைதேகி. அன்றைக்கு முதல் தடவையாக அவர் சிரித்தார்.

உள்ளே கட்டிலில் அவர் மனைவி சுவரை ஒட்டிப் படுத்திருந்தாள். பக்கத்து வீட்டு அம்மாள் எழுந்து போனாள்.

வைதேகி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அண்ணி, உங்க பேரு என்ன?" என்று கேட்டாள்.

அவள் உதடுகள் திணறின. வைதேகி எத்திராஜைப் பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"பூங்காவனம்."

அந்தப் பேரை அவர் வாயால் கேட்டதும் பூங்காவனம் கண்ணை அகல விரித்தாள்.

"ஏண்ணே, பேர் சொல்லிக் கூப்பிட மாட்டீங்களா?"

"இந்தாம்மான்னா திரும்பிப் பாப்பா. பேரு எதுக்கு?"

வைதேகி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இருவரும் பின்பக்கம் போனார்கள். கம்ப்ரசர் கிணற்றுக்கு அப்பால் தகரக் கூரையின் கீழே இருந்தது. அங்கிருந்து ரப்பர் குழாய் ஷெட்டுக்கு வந்தது. எத்திராஜ் சுவிட்சைப் போட்டுவிட்டு நந்தியின் முன்னால் உட்காரப் போனார்.

"நீங்க உள்ள போங்க. அண்ணிக்குப் பின்னாடி சத்தம் போடாம உக்காருங்க."

"சுத்தியலைக் கையில பிடிச்சுப் பாக்க வேணாமா?"

"இல்லண்ணே. அங்கேருந்து பாருங்க."

அவர் போய் முக்காலியில் உட்கார்ந்தார். பூங்காவனம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். அவர் வந்தது தெரியவில்லை.

வைதேகி சின்ன சுத்தியலை ஓட்டினாள். எங்கோ தேனீ பறப்பதுபோல லேசாகக் கேட்டது. இதுதான், இதையே வாங்கிவிடலாம் என்று எத்திராஜுக்கு மனசு குளிர்ந்தது.

அப்போதுதான் பூங்காவனத்தின் இடது கையைக் கவனித்தார். அந்தக் கை சுவரைத் தொட்டது. உள்ளங்கையைப் பதித்துப் பார்த்தது. கொஞ்சம் மேலே போய்ப் பதித்துப் பார்த்தது.

"ஏங்க."

"என்னம்மா?"

அவள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள். எப்போதும் அவர் ஓடிவந்து பார்க்கையில் அவள் இருப்பது இப்படித்தான்.

அடுத்து பெரிய சுத்தியல். சுவரே அதிர்ந்தது. அவர் ஷெட்டுக்குத் திரும்பிவிட்டதாக அவள் நினைத்திருக்க வேண்டும்; கை மறுபடி சுவருக்குப் போய் அங்கேயே தங்கியது. ஆனால் சுத்தியல் ஓடிய வேகத்துக்கு அந்தச் சின்னக் கம்ப்ரசரால் காற்றைக் கொடுக்க முடியவில்லை. கொஞ்சம் ஓடும், காற்று நிரம்புவதற்காக நிற்கும். நின்றபோதெல்லாம் அந்தக் கை சுவரில் தேடியது.

"ஏங்க... ஏங்க."

எத்திராஜ் பதில் சொல்லச் சொல்ல, தலை ஆடியது.

கடைசியாக நடுத்தரமான சுத்தியல். அது சீராக, விடாமல் ஓடியது. பூங்காவனத்தின் உள்ளங்கை சுவரில் பதிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் விரல்கள் தளர்ந்தன. மூச்சு ஒரே சீராக வந்தது. நோய் வந்த நாளிலிருந்து அவள் இப்படி அசந்து தூங்கி அவர் பார்த்ததில்லை. இருந்த இடத்தைவிட்டு அசையக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தார்.

சுத்தியல் நின்றது.

அவள் விழித்துக்கொண்டாள். கை பதறிப்போய்ச் சுவரைத் தடவியது. சுவரைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஏங்க!"

"நான் இங்கதாம்மா இருக்கேன்" என்றார் எத்திராஜ். 

அவள் மெல்லத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். அங்கே இருப்பது யார் என்று அவளுக்குப் புரியவில்லை. அவர் அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு அழுதார்.

ஷெட்டுக்கு அவர் வந்தபோது வைதேகி முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நடுவுல இருக்கறது டீச்சர்."

"ஆமாண்ணே. உங்க கம்ப்ரசர் அதுக்கு விடாம காத்து குடுக்கும்."

அவர் நந்தியின் முதுகைத் தடவியபடி நின்றார். போகாமல் நின்றார்.

"என்னண்ணே?"

"எது வாங்கினாலும் நடுவுல நிறுத்தத்தானே வேணும்? உளி மாத்தணும், தண்ணி குடிக்கணும், எட்ட நின்னு கல்லைப் பாக்கணும். அப்ப அவ பயந்துடுவாளே. அதுக்கு என்ன பண்றது டீச்சர்?"

வைதேகி ரப்பர் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள்.

"பஸ் நின்னா ஊர்ப் பேரைச் சொன்னீங்க இல்ல? சுத்தியல் நின்னா அவங்க பேரைச் சொல்லுங்க."