பதினொன்றரையில் நின்ற மதியம்

வேம்பனூர் ராஜா கனகசேகரருக்குக் கப்பல் வியாபாரிகள் ஒரு பெரிய கடிகாரத்தைக் காணிக்கையாகக் கொடுத்தாலும் கொடுத்தார்கள், ஊரே மாறிப்போயிற்று. “பசிக்கிறதா?” என்று கேட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் “மணி ஆயிற்றா?” என்று கேட்கத் தொடங்கினார்கள். காலம் என்பது கடவுள் என்று இருபது வருஷம் பிரசங்கம் செய்த ஆஸ்தான வித்துவான், காலம் என்பது பல்சக்கரம் என்று மாற்றிக்கொண்டார்.

கடிகாரத்தைக் கவனிக்கச் சிங்கண்ணா என்றொரு அதிகாரி வந்தார். அவர் பேச்சைக் கேட்டு ராஜா சட்டமும் போட்டார். பன்னிரண்டு அடிப்பதற்குமுன் அரண்மனையில் யாரும் மதியச் சோற்றில் கைவைக்கக் கூடாது. மீறினால் பத்துக் கசையடி.

ஒருநாள் கடிகாரம் பதினொன்றரையில் நின்றுவிட்டது.

ராஜா இலைமுன் உட்கார்ந்திருந்தார். பரிமாறுகிற ராக்காயி கரண்டியோடு எதிரே நின்றாள். குழம்பு ஆறியது. வெயில் மேற்கே சாய்ந்தது.

“இன்னுமா பன்னிரண்டு ஆகவில்லை?”

“முள் நகரவில்லையே மகாராஜா! முள் நகராமல் காலம் எப்படி நகரும்?” என்றார் சிங்கண்ணா.

ராக்காயி ஆறு மாதக் கர்ப்பிணி. கண் இருட்டிக்கொண்டு வந்தது. மெல்ல அடுக்களைக்குப் போய் ஒரு வாய் தயிர்ச்சோறு போட்டுக்கொண்டாள். காவலர்கள் கையும் சோறுமாகப் பிடித்துவந்தார்கள்.

ராஜாவுக்கு மனசே இல்லை. ஆனாலும் போட்ட சட்டமாயிற்றே! சாட்டை வந்தது. ராக்காயி வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

அரண்மனை விகடகவி அம்பலவாணர் எழுந்தார்.

“சிங்கண்ணா, இவள் எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள்?”

“பதினொன்றரைக்கு. கடிகாரமே சாட்சி!”

“மகாராஜா, பதினொன்றரைக்கு ராக்காயி எங்கே இருந்தாள்?”

ராஜா யோசித்தார். “என் எதிரில்தான் நின்றாள்.”

“அப்படியானால் அடுக்களையில் தின்றது வேறு யாரோ! சிங்கண்ணா, ஓடிப்போய் அவளைப் பிடியும்.”

“அதெப்படி? இவள்தான் அதற்கப்புறம்...” சிங்கண்ணா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“எதற்கப்புறம்? முள்தான் நகரவே இல்லையே, ஐயா!”

ராஜா சிரித்தார். பசியில் சிரிக்கவும் தெம்பில்லாமல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ராக்காயியை உட்காரவைத்து முதல் இலை அவளுக்குப் போடச் சொன்னார். சட்டம் அப்போதே ரத்தாயிற்று.

“அம்பலவாணரே, நாளைக் காலை பத்து மணிக்கு உமக்குப் பட்டுச் சால்வை!”

“ஐயோ மகாராஜா, நாளைப் பத்து மணி நம்மூருக்கு எப்போது வருமென்று சிங்கண்ணாவுக்கே தெரியாது. இப்போதே போர்த்திவிடுங்கள்!”