அடுக்களைச் சுவரில் ஓர் ஆணி

களக்காட்டுக்கு மேற்கே, மலையடியில், ஆற்றை ஒட்டி ஒரு சின்ன ஆசிரமம் இருந்தது. அங்கே குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடராக வந்து சேர்ந்த தாணுமாலயனுக்கோ அறுபது. அதனால் குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார், சீடர் குருவை 'சாமி' என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

தாணுமாலயன் கப்பலில் இன்ஜின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்தபின் வீட்டை மகளிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு துணிப்பையோடு வந்தார். வந்ததும் கேட்டார்.

"சாமி, இங்க சேருதவங்க என்ன கொடுக்கணும்?"

"கையில என்ன இருக்கு?"

"எல்லாத்தையும் விட்டாச்சு சாமி. ரெண்டு வேட்டி, ஒரு துண்டு. அப்புறம் இது."

இடுப்பிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்துக் காட்டினார். எந்தத் துறைமுகத்திலோ வாங்கியது. ஒரு பக்கம் விரித்தால் கத்தி, மறுபக்கம் குட்டி ரம்பம். உள்ளேயிருந்து கத்தரிக்கோலும் திருப்புளியும் வரும். முள் எடுக்கிற இடுக்கிகூட அதன் விலாவில் ஒளிந்திருந்தது. சுத்தியல் ஒன்றுதான் இல்லை.

குரு ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். "நல்ல சாமான்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிறகு எழுந்து போய்ச் சுத்தியலை எடுத்துவந்து அடுக்களைச் சுவரில் புதிதாக ஓர் ஆணி அடித்தார்.

அந்த அடுக்களையில் அலமாரி கிடையாது. கரண்டியோ, சல்லடையோ, மண்வெட்டியோ, எதுவானாலும் சுவரில் அதற்கென்று ஓர் ஆணியில் தொங்கும். வேண்டியவர் எடுப்பார். வேலை முடிந்ததும் அதே ஆணியில் மாட்டுவார். யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

தாணுமாலயனுக்குக் கண் கலங்கிவிட்டது. வந்த அன்றைக்கே தனக்கென்று ஓர் ஆணியா! தோளில் கிடந்த துண்டை எடுத்து அதில் மாட்டினார். கத்தியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார்.

குரு சுத்தியலை அதன் ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

கத்தியைக் குறை சொல்லக் கூடாது. அது வந்த பிறகு ஆசிரமத்தில் பல வேலைகள் சுலபமாயின. அரிசிச் சாக்கின் தையலைப் பிரிக்க வேண்டுமா, குருவின் மூக்குக் கண்ணாடியில் திருகு கழன்றுவிட்டதா, சமையல் பார்க்கும் இசக்கியம்மாளின் காலில் கருவேல முள் ஏறிவிட்டதா, எல்லாவற்றுக்கும் "அண்ணாச்சி!" என்று ஒரு குரல் போகும். அவரும் வருவார். ஆனால் கத்தியை ஒருத்தர் கையிலும் கொடுக்கமாட்டார்.

"கொடுங்க அண்ணாச்சி, நானே பிரிச்சுக்கிடுதேன்" என்று இசக்கியம்மாள் கை நீட்டினால், "உங்களுக்குப் பழக்கமில்லை, விரலைக் கிரலை வெட்டிக்கிடுவீங்க" என்பார். வாழ்நாளெல்லாம் காய் நறுக்கிய கைக்கு அப்படிச் சொன்னார்! அவள் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவாள்.

ஒருநாள் பழைய இரும்புக்காரர் பேரீச்சம்பழ மூட்டையோடு வாசலில் வந்து மணியடித்தார். தொழுவத்து அரிவாள் துருவேறிக் கிடந்தது. தாணுமாலயன் அதை ஆணியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு நடந்தார்.

"அண்ணாச்சி, அது கிடக்கட்டுமே. தீட்டினா ஆகும்" என்றாள் இசக்கியம்மாள்.

"இதைத் தீட்டி என்ன செய்யப் போறீங்க? நான் இருக்கேம்லா!"

அதற்கு அடுத்த வாரம் சாணை பிடிக்கிறவர் வந்தபோதும் அதே பேச்சுதான். அரிவாள்மனை மழுங்கியபடியே இருந்தது. அரிவாளைக் கொடுத்து வாங்கிய பேரீச்சம்பழத்தை எல்லாரும் தின்றார்கள். குருவும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

"இனிப்பாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றார், அரிவாள் தொங்கிய காலி ஆணியைப் பார்த்துக்கொண்டே.

தாணுமாலயன் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம். தாணுமாலயன் குளித்து முடித்துவிட்டுப் படித்துறையில் காலை நீரில் விட்டபடி சும்மா உட்கார்ந்திருந்தார். மேலேயிருந்து இசக்கியம்மாளின் குரல் வந்தது.

"அண்ணாச்சி!"

சாக்குப் பிரிக்கக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தார். எழுந்திருக்கவில்லை. நம்மை விட்டால் இங்கே ஒரு நூல் அறாது என்று உள்ளுக்குள் ஒரு கர்வம். கூப்பிட்டதும் ஓடினால் என்ன மதிப்பு? இன்னொரு தடவை கூப்பிடட்டுமே. அந்தக் குரல் காதுக்குச் சுகமாக இருந்தது, அதுதான் உண்மை.

"அண்ணாச்சி! சீக்கிரம் வாங்களேன்!"

மெதுவாக எழுந்தார். துண்டைப் பிழிந்தார். நெற்றிக்குத் திருநீறு பூசினார். மறுபடி குரல் வந்தது, இந்தத் தடவை அதில் வார்த்தை இல்லை. கொஞ்சம் வேகமாகப் படியேறினார். அடுக்களை வழியாகத்தான் தொழுவத்துக்குப் போக வேண்டும். போகிற போக்கில் ஈரத் துண்டை உதறித் தன் ஆணியில் மாட்டினார். மாட்டிவிட்டுத்தான் போனார்.

தொழுவத்துக்குப் பின்னால் வாய்க்கால், ஆள் உயரப் பள்ளம். செவலைக் கிடேரிக் கன்று துள்ளி விளையாடிய வேகத்தில் கரை சரிந்து உள்ளே விழுந்திருக்கிறது. கழுத்தில் கிடந்த நைலான் கயிறு மேலே முளையில் கட்டியிருந்தது. கன்று அந்தரத்தில் தொங்கிவிட்டது. குரு வாய்க்காலுக்குள் குதித்துக் கன்றைத் தோளில் தாங்கியிருக்கிறார். கால் வழுக்கும் சகதியில் எவ்வளவு தாங்கியும் முடிச்சு இளகவில்லை. இசக்கியம்மாள் அரிவாள்மனையைத் தூக்கிவந்து கரையில் படுத்து அறுத்துப் பார்த்திருக்கிறாள். மழுங்கிய அரிவாள்மனை கயிற்றில் வழுக்கி வழுக்கிப் போயிருக்கிறது. கன்றின் நாக்கு வெளியே தள்ளிவிட்டது. அப்புறம் அவள் அடுப்பிலிருந்து எரிகிற கொள்ளியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து கயிற்றில் வைத்திருக்கிறாள்.

தாணுமாலயன் விரித்த கத்தியோடு வந்து நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது. கன்று கரையில் கிடந்து இரைத்துக்கொண்டிருந்தது. காற்றில் நைலான் கருகிய நாற்றம். இசக்கியம்மாள் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உருகிய நைலான் உள்ளங்கையில் சொட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

"வந்துட்டீங்களா அண்ணாச்சி" என்றாள். "ஒண்ணும் ஆகலை. கன்னு பிழைச்சுட்டு."

அவர் கத்தியை மடக்கினார்.

குரு சேறும் சகதியுமாக ஏறி வந்தார். அவளைக் குளிர்ந்த தண்ணீரில் வெகுநேரம் கையை முக்கி வைத்திருக்கச் சொன்னார். வைத்தியர் வீடு நடக்கிற தூரம்தான். அவர் வந்து ஒட்டியிருந்ததைப் பிய்க்காமல் களிம்பு தடவினார். துணி நறுக்க ஏதாவது உண்டா என்று கேட்டார்.

எல்லாரும் தாணுமாலயனைப் பார்த்தார்கள். அவர் குட்டிக் கத்தரிக்கோலை விரித்தார். வெள்ளைத் துணியை நீளநீளமாக நறுக்கிக் கொடுத்தார்.

"நல்ல கத்தி அண்ணாச்சி" என்றாள் இசக்கியம்மாள். "எவ்வளவு நேரா வெட்டுது!"

அவள் குத்திப் பேசவில்லை. அப்படிப் பேசத் தெரிந்தவளும் இல்லை. குத்திப் பேசியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

சாயங்காலம் குரு அடுக்களையில் உட்கார்ந்து இசக்கியம்மாளுக்குப் பதிலாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தாணுமாலயன் வாசலிலேயே நின்றார். உள்ளே வரக் கால் எழவில்லை.

"சாமி."

"வாங்க அண்ணாச்சி. கன்னு பால் குடிச்சுதா?"

"குடிச்சுது." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "அவங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுது சாமி."

குரு வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தார்.

"முதல் தடவையே கேட்டுது. படித்துறையில சும்மாதான் இருந்தேன். இன்னொரு தடவை கூப்பிடட்டும்னு இருந்துட்டேன். வெட்கக்கேடு சாமி. அறுபது வயசுக்கு இப்படி ஒரு புத்தி. அந்தக் கையை என்னால பார்க்க முடியலை."

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டுத்தான் வாரேன்."

"என்ன சொன்னாங்க?"

"சாப்பிட்டீங்களான்னு கேட்டாங்க."

தாணுமாலயன் இடுப்பிலிருந்து கத்தியை உருவினார்.

"இதை ஆத்துல போட்டுடுதேன். இதுதான் என்னைக் கெடுத்துச்சு."

"போட்டா நாளைக்கு அரிசிச் சாக்கை எதால பிரிக்க? ஏற்கனவே ஓர் அரிவாளைத் தின்னாச்சு."

தாணுமாலயன் தலையைக் குனிந்துகொண்டார். காது மடல் இரண்டும் எரிந்தன.

"கத்தி என்ன அண்ணாச்சி பண்ணிச்சு? இன்னைக்குக்கூடத் துணியை நேராத்தானே வெட்டுச்சு."

"அப்ப நான் என்ன செய்ய? வந்த அன்னைக்குக் கேட்டதையே இப்பவும் கேக்கேன். இங்க சேருதவன் என்ன கொடுக்கணும்? ஒரு வழி சொல்லுங்க சாமி."

"அன்னைக்கே சொன்னேனே."

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

குரு வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். தாணுமாலயனும் திரும்பிப் பார்த்தார். கரண்டிக்குப் பக்கத்தில் சல்லடை, சல்லடைக்குப் பக்கத்தில் மண்வெட்டி, அதற்கும் அப்பால் சுத்தியல். நடுவில், வந்த அன்றைக்குக் குரு அடித்த ஆணியில், மத்தியானம் மாட்டிய துண்டு இன்னும் ஈரம் காயாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்தத் துண்டை எடுங்க அண்ணாச்சி" என்றார் குரு.